எந்தக் கதையை, எந்த நூலிலிருந்து?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தோழி ஒருத்தி கேட்டாள்: "பாஞ்சாலியை வைத்து ஒரு நெடுங்கதை எழுதலாம் என்றிருக்கிறேன். முதலில் எதைப் படிக்கட்டும்?" நான் சற்றும் யோசிக்காமல், "வியாசரை முழுதாகப் படித்துவிட்டு எழுது" என்றேன். சொல்லும்போது எனக்கே ஒரு பெரிய மனிதத் தோரணை வந்துவிட்டதாக நினைவு. அவள் இன்னும் ஆதி பர்வத்தைத் தாண்டவில்லை. ஜனமேஜயனின் சர்ப்ப யாகம் முடிந்து வம்சாவளி தொடங்கும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்குச் செருகிப் புத்தகத்தை அலமாரியில் வைத்தவள்தான். நெடுங்கதையில் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்த அறிவுரைக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன். இதிகாசத்தையோ நாட்டார் கதையையோ எடுத்துத் தன் குரலில் மறுபடி சொல்ல நினைப்பவருக்கு ஐந்து வாசல்கள் இருக்கின்றன. சமஸ்கிருத மூலத்தின் முழு மொழிபெயர்ப்பு ஒன்று. கம்பரும் வில்லிபுத்தூராரும் தந்த தமிழ்க் காவியங்கள் இன்னொன்று. உரைநடைச் சுருக்கங்கள், கூத்தும் கதைப்பாடலும், கடைசியாக, இதிகாசத்தையே விட்டுவிட்டு ஊர்க்கதைகளுக்குப் போவது. இவற்றை அசல் தொடங்கி நகல் வரை வரிசை வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். ஆராய்ச்சியாளருக்கு அந்த வரிசை பயன்படலாம். கதை சொல்லப் போகிறவருக்கு அது பொருந்தாத அளவுகோல். அவருக்கு வேண்டியது, ஒரு நூல் எங்கே வாய் திறக்காமல் கடந்துபோகிறது என்ற தகவல். அங்கேதான் அவருக்கு இடம் இருக்கிறது. ஒரே ஒரு நூலைப் படித்தால் இது பிடிபடாது. இரண்டாவது நூல் அதே இடத்தில் நின்று பேசும்போதுதான் முதல் நூல் அங்கே பேசவில்லை என்பது உறைக்கிறது.

ஆகவே, "எந்த நூல் சிறந்தது" என்று பார்ப்பதைவிட "எந்த இரண்டு நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்" என்று பார்ப்பது மேல்.

முழு மூலத்தில் தொடங்கலாம். மகாபாரதத்துக்கு 'மூலம்' என்று ஒருமையில் சொல்வதே சிக்கல். புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த ஆய்வுப் பதிப்புக்காக 1,259 கையெழுத்துப் படிகளைப் பார்த்தார்கள். மரபு ஒரு லட்சம் என்று சொல்லும் சுலோகக் கணக்கு அந்தப் பதிப்பில் சுமார் 75,000 ஆகச் சுருங்கியது. பழைய படிகளில் பரவலாகக் காணப்படாதவை அடிக்குறிப்புக்கும் பிற்சேர்க்கைக்கும் போயின. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதிய கதை அப்படிப் போன ஒன்று. சபையில் துகில் உரியும்போது பாஞ்சாலி கண்ணனைக் கூவி அழைக்கும் பகுதி இன்னொன்று. அந்தப் பதிப்பின்படி, ஒரு துகிலை உரிய மற்றொரு துகில் வருகிறது. யார் அனுப்பியது என்ற பேச்சே இல்லை.

கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல வெற்றிடம் கிடைக்குமா? பக்தியுள்ளவர் அதில் கண்ணனை வைப்பார். இன்னொருவர் அறத்தை வைப்பார். வேறொருவர் அந்தப்புரப் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சேலையை உள்ளே எறிந்தார்கள் என்று எழுதலாம். ஆனால் இந்த வெற்றிடம் என் கண்ணில் பட்டதற்குக் காரணம் ஆய்வுப் பதிப்பு மட்டும் இல்லை. கண்ணன் வந்து காத்த கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருந்தேன். ஒப்பிட ஏதோ ஒன்று கையில் இருந்தது.

முழு மொழிபெயர்ப்பின் பயன் இதுதான்: அது அகராதி மாதிரி. யாரும் அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தமிழில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ம. வீ. இராமானுஜாசாரியார் பண்டிதர்கள் சிலரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்துப் பதிப்பித்த கும்பகோணம் பதிப்பு முதலாவது. அதன் நடை தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள வாசனை கொண்டது, ஆனால் பழகிவிட்டால் சுவையானது. கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை அடியொற்றிய முழுத் தமிழாக்கம் இரண்டாவது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி வரும் அத்தியாயங்களையும் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து அத்தியாயங்களையும் படித்தால் போதும். என் தோழிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது.

சுருக்கங்களைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. இராஜாஜியின் இராமாயணமும் பாரதமும் தலைமுறைகளுக்கு வழிகாட்டியவை. யார் யாருக்கு மகன், எந்தச் சாபம் எந்தப் போரில் பலித்தது என்று தெரியாதவர் முதலில் அங்கேதான் போக வேண்டும், ஓரிரு வாரங்களில் முடித்துவிடலாம். ஆனால் அவற்றை வரைபடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கியவர் எதை விடுவது, எதை மென்மையாக்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அதன்மேல் நீங்கள் கட்டுவது அவருடைய முடிவுகளின் மேல் கட்டுவதாகும். எனக்கு வாசிக்க வரும் மறுஆக்கக் கதைகளில் பாதிக்கு மேல் இந்த வகை. சுருக்கத்தைப் படித்து, அதை மறுபடி சுருக்கி, கடைசியில் பாத்திரத்துக்கு ஒரு பெருமூச்சைக் கொடுத்து முடிந்துவிடும்.

தமிழ்க் காவியங்களுக்கு வருவோம். இங்கே எனக்குச் சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகலிகையை எடுத்துக்கொண்டால் நான் சொல்வது உங்களுக்கும் விளங்கும்.

வால்மீகியில் அகலிகை கல்லாகவில்லை. முனிவர் வேடத்தில் வந்திருப்பவன் இந்திரன் என்று அவளுக்குத் தெரிகிறது. தேவராஜன் தன்னை நாடி வந்தானே என்ற ஆவலில் அவள் இசைகிறாள். கௌதமர் இட்ட சாபம் வேறு மாதிரியானது: காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் தெரியாமல் அந்த ஆசிரமத்திலேயே இருக்க வேண்டும். இராமனும் இலக்குவனும் வந்ததும் அவள் கண்ணுக்குப் புலப்படுகிறாள். அவர்கள் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் அவள் கல்லானது கம்பருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. பரிபாடலின் 19ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள்: இதோ இந்தப் பூனைதான் இந்திரன், இவள் அகலிகை, இவன் வெளியே போன கௌதமன், அவன் சினத்தால் இவள் கல்லுருவான விதம் இது. படத்தைப் பார்த்து வாய்மொழியாகக் கதையை மறுபடி சொல்லும் காட்சி ஒன்று சங்கத் தொகை நூலிலேயே இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பழைய சான்றிதழ் வேண்டியதில்லை.

கம்பர் என்ன செய்கிறார்? அவருடைய அகலிகை முதலில் ஏமாறுகிறாள். நடுவே உணர்ந்துவிடுகிறாள். உணர்ந்த பின்னும் "தக்கது அன்று என்ன ஓராள், தாழ்ந்தனள்" என்கிறார். இது அவள் மேல் வைக்கும் தெளிவான குற்றச்சாட்டு. ஆனால் அதே படலத்தின் முடிவில் விசுவாமித்திரன் கௌதமனிடம் அவளை "நெஞ்சினால் பிழைப்பு இலாளை" என்று சொல்லி ஏற்றுக்கொள்ளச் செய்கிறான். ஓரிடத்தில் நெஞ்சு உணர்ந்தும் ஒதுங்கவில்லை, இன்னோரிடத்தில் நெஞ்சால் பிழையே இல்லை. உரைகாரர்கள் இதற்குச் சமாதானம் சொல்வார்கள். சமாதானம் அவர்களுடைய வேலை. கதை சொல்கிறவர் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு பாயை விரித்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். உணர்ந்த அந்த நொடியில் என்ன நடந்தது? கல்லாகக் கிடந்தபோது அவளுக்கு நினைவு இருந்ததா? வால்மீகியில் காலைத் தொட்டு வணங்கியவன் இங்கே கால் தூசியால் மீட்பவனாக ஆகிவிட்டானே, அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள்?

புதுமைப்பித்தன் 1943இல் 'சாபவிமோசனம்' எழுதியபோது இந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். கல்லிலிருந்து மீண்டவள் பின்னால், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேள்விப்பட்டு மறுபடி கல்லாகிறாள். அதை முழுதாகச் சுவைக்க வேண்டுமானால் கம்பரின் கால் வண்ணத்தையும் அறிந்திருக்க வேண்டும், யுத்த காண்டத்தின் தீயையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்தார், மூன்றாவது பிறந்தது.

வில்லிபுத்தூராரின் பாரதம் கம்பரை நோக்கக் குறைவாகவே படிக்கப்படுகிறது. பெரிய அநியாயம் இது. சுமார் 4,300 பாடல்கள்தான், போரோடு சௌப்திக பருவத்தில் கதை முடிந்துவிடுகிறது. போருக்குப் பின்னான பெரிய பெரிய உபதேசங்கள் இல்லை. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருக்கும் கர்ணன் வில்லி காட்டும் கர்ணன்தான். அறுந்து சிதறிய மணிகளைப் பார்த்துத் துரியோதனன் "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்ட கதை அவர் தந்தது. அம்பு பாய்ந்து கிடப்பவனிடம் கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தைத் தானமாகக் கேட்பதும் அவர் தந்ததே. வியாசரின் கர்ணன் இவ்வளவு இனிப்பானவன் கிடையாது. சபையில் பாஞ்சாலியைப் பற்றி அவன் பேசிய பேச்சைப் படித்துவிட்டு வில்லியின் கொடைக் காட்சிக்குத் திரும்பினால், ஒரே மனிதன் இருவராகத் தெரிவான். அந்த இருவரையும் ஒருவராக்கிக் காட்டும் கர்ணன் கதை ஒன்றை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கர்ணன் தானே தன் துயரத்தைச் சொல்லி அழும் கதைகள் என்றால், அண்மைக் காலத்தில் மட்டும் ஒரு மூட்டை படித்துவிட்டேன். தயவுசெய்து கொஞ்ச காலம் அவனை ஓய்வெடுக்க விடுங்கள்.

செய்யுள் புரியாதே என்ற அச்சத்துக்கு மருந்து வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியாரின் உரை. கம்பருக்கும் வில்லிக்கும் அவர் எழுதிய உரை சொல் சொல்லாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கம்பராமாயணம் உரையோடு இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு என்றால் ஒரு படலத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நான் சொல்வதும் ஒரு படலம்தான். பன்னிரண்டு படிகளில் கம்பனை முழுவதும் கற்பது போன்ற திட்டங்களைப் போட்டால் என் தோழிக்கு நேர்ந்ததே நேரும்.

கூத்து: விடியும் வரை உட்கார முடிந்தால்

காவியத்துக்கும் கூத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருப்பதாக நினைப்பவர்கள் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா ஒன்றைப் பார்த்ததில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். வில்லியின் பாட்டுகளைச் சொல்லிப் பிரசங்கியார் விளக்குவார். இரவில் அதே கதை கூத்தாக வரும். ஊரார் இரண்டையும் பார்க்கிறார்கள். நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கும் 'பக்கத்தில் பக்கத்தில்' முறையை அந்த ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன.

கூத்து தரும் சரக்கு வேறெங்கும் கிடைக்காது. வியாசரில் கர்ணனின் மனைவிமாருக்கு வாயே இல்லை எனலாம். 'கர்ண மோட்சம்' கூத்தில் பொன்னுருவி இருக்கிறாள். பிறப்புத் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று கொதிப்பவள். அவன் கடைசிப் போருக்குப் புறப்படும் நேரத்தில் இருவருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கத்தான் கூட்டம் தூக்கத்தை உதறிவிட்டு உட்கார்ந்திருக்கும். வியாசரில் தொடையை உடைப்பேன், நெஞ்சைப் பிளப்பேன் என்று சூளுரைப்பவன் பீமன். கூத்தில் குருதி பூசும்வரை கூந்தலை முடியேன் என்ற சபதம் பாஞ்சாலியுடையது. போரின் முடிவை நடித்துக்காட்டும் படுகளத்து நாளில், ஊர் வெளியில் மண்ணால் செய்து படுக்கவைத்த மாபெரும் துரியோதனன் உருவத்தின் மேல் அந்தச் சபதம் நிறைவேறுகிறது. யாருடைய கோபம் கதையை நடத்துகிறது என்பது மாறியதும் பாரதமே வேறு கதையாகிவிடுகிறது.

அருச்சுனன் மகன் அரவானையும் பாருங்கள். சமஸ்கிருத பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் சாகும் ஒரு வீரன். தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலியாகிவிட்டான், அதாவது போர் வெற்றிக்காகப் பலியிடப்பட்டவன். கூத்திலும் வழிபாட்டிலும் அவன் வளர்ந்துகொண்டே போனான். கூவாகத்தில் சித்திரை மாதத்தில் திருநங்கையர் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்கள். மூலத்தில் சில சுலோகங்களில் முடியும் ஒருவன் ஒரு சமூகத்தின் கணவனாக ஆனது மறுபடி மறுபடி சொல்லப்பட்டதால்தான்.

கூத்தின் கோமாளியான கட்டியக்காரனையும் விட்டுவிடக்கூடாது. திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டு ராஜா வருவார். "யாரய்யா நீர்?" என்று கேட்கிற துணிச்சல் கட்டியக்காரனுக்கு உண்டு. துரியோதனனையும் கேட்பான், கண்ணனையும் கேட்பான். இன்றைய ஊர்ச் செய்தியையும் நடுவே செருகுவான். இதிகாசத்தைப் பயபக்தியோடு தொட்டுத் தொட்டுக் கையை எடுக்கும் எழுத்தாளர்களுக்குக் கட்டியக்காரனிடம் ஒரு மாதம் பயிற்சி வைக்கலாம்.

இந்த வாசலின் குறை நடைமுறைக் குறை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடப்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்தால் முகவீணையும் ஆர்மோனியமும் காதை அடைக்கும், பாட்டின் சொற்கள் பாதி பிடிபடாது. அச்சில் வந்த கூத்துப் பிரதிகள் உண்டு என்றாலும் அவை வாத்தியார் களரியில் செய்வதன் எலும்புக்கூடு மட்டுமே. அச்சை மட்டும் நம்புவதானால் பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள் மேல். புகழேந்தியார் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை' அவற்றில் ஒன்று. மதுரையை ஆண்டு ஆண்களை அண்டவிடாத அல்லியிடம் அருச்சுனன் பாம்பு வடிவில் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கேட்டவர்கள் அந்தக் காலத்தில் சிரித்தார்கள். இன்று அதை மறுபடி சொல்லப் போகிறவர், அவள் கண் விழித்த கணத்தை எழுதாமல் தாண்ட முடியாது.

ஊர்க்கதை சின்னது, ஆனால் எளிது இல்லை

"இதிகாசம் பெரிய வேலை, முதலில் ஒரு சின்ன நாட்டார் கதையை எழுதிப் பழகுகிறேன்" என்பார்கள். அளவில் சின்னது என்பது உண்மை. பழக எளிது என்பது பொய். கொழுக்கட்டைக் கதையை வைத்துப் பார்ப்போம்.

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று சொல்லிக் குதிக்கிறான். கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா நாவில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, அத்திரிபாச்சா செய்து கொடு என்கிறான். அப்படி ஒன்று தெரியாது என்கிறாள் மனைவி. கோபத்தில் அடித்துவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்கிறாள். "அதுதான், அதுதான்!" என்று குதிக்கிறான். உலக நாட்டார் கதைகளின் வகை அட்டவணையில் 'மறந்துபோன சொல்' என்று 1687ஆம் எண்ணில் இருக்கும் வகை இது.

இன்று குழந்தைகளுக்கு இதைச் சொல்கிறவர்கள் அந்த அடியை வெட்டிவிடுகிறார்கள். வெட்ட நினைப்பது நியாயம்தான். ஆனால் வெட்டினால் வீக்கம் போகிறது, வீக்கம் போனால் உவமை போகிறது, உவமை போனால் சொல் திரும்பி வர வழியில்லை. ஒரே ஒரு திருகாணியில் நிற்கிற கதை இது. அடியை எடுப்பவர் அந்த இடத்தில் வேறு ஒரு வீக்கத்தை வைத்தாக வேண்டும். ஆத்திரத்தில் திரும்பியவன் தானே நிலைப்படியில் இடித்துக்கொள்ளலாம், மனைவியே அவன் நெற்றியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லலாம். அப்படிச் செய்தால் கதை நிற்கிறது. சிரிப்பும் சரியான ஆளின் மேல் விழுகிறது. அல்லது பெரியவர்களுக்கு எழுதுவதானால் அடியை அப்படியே வைத்து, அவன் குதூகலத்தில் குதிக்கும்போது அவள் முகத்தைக் காட்டி நிறுத்தலாம். இரண்டுமே நேர்மையான வழிகள். அடியை மட்டும் உருவிவிட்டு, "பிறகு அவனுக்கு ஞாபகம் வந்தது" என்று எழுதுவதுதான் தப்பு.

இதிகாசத்தில் இந்த மாதிரிப் பிழை செய்தால் யாருக்கும் தெரியாது. கதை அவ்வளவு பெரியது, ஒரு தூண் போனாலும் கூரை நிற்கும். ஊர்க்கதையில் ஒரு செங்கல்லைத் தப்பாக எடுத்தால் தலையில் விழும். ஆகவே கதையின் கட்டுமானம் தெரிந்துகொள்ள ஊர்க்கதையும், பாத்திரங்களின் மன ஆழத்துக்கு இதிகாசமும் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஊர்க்கதைக்கும் ஒரு தொகுப்பு போதாது. கி. ராஜநாராயணன் தொகுத்தவற்றில் ஒரு கதையைப் படித்த பிறகு அதே கதையை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். கட்டாயம் ஒரு இடமாவது மாறியிருக்கும். மாறிய இடம் எதுவோ அதுதான் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. கதை எவருக்கும் சொந்தமில்லை, ஆனால் தொகுத்தவரின் வாக்கியங்கள் அவருக்குச் சொந்தம். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழியும்வரை, அல்லது நூல் நாட்டுடைமை ஆகும்வரை, அவற்றை அப்படியே எடுத்தாளக்கூடாது.

எடுத்த கதையை எந்த விதத்தில் திருப்புவது என்பது அடுத்த முடிவு. இங்கே என் கருத்து ஒருதலையாக இருக்கும். நாயகனையும் வில்லனையும் இடம் மாற்றுவது எளிது, ஆனால் பெரும்பாலும் பயனில்லாதது. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' வெளியிட்டபோது அதற்கு அரசியல் தேவை இருந்தது, துணிவும் தேவைப்பட்டது. 1948இல் அரசு தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. இன்று இராவணனை நல்லவனாக்க யாருக்கும் துணிவு வேண்டியதில்லை. ஆளை மாற்றிவிட்டு அதே துதியை அவனுக்குப் பாடினால் கதையில் ஒன்றும் மாறவில்லை.

காலத்தை மாற்றுவது, அதாவது சூதாட்ட மண்டபத்தை இன்றைய அலுவலகமாக்குவது, முதல் பக்கத்தில் சுவைக்கும். மூன்றாம் பக்கத்தில் வாசகர் யார் சகுனி, யார் விதுரன் என்று ஆள் பொருத்தும் விளையாட்டில் இறங்கிவிடுவார். சிறுகதைக்கு மேல் அது தாங்காது.

கதையையே மாற்றாமல் ஒரே நிகழ்ச்சியை எடுத்து ஆழமாகச் சொல்வது நான்காண்டுக்கு ஒருமுறையே யாராவது முயலும் வழி. பாரதியின் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. முன்னுரையில் அவர், தான் பெரிதும் வியாசரையே தழுவியதாக அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்த முதல் பெரிய காரியம் தேர்வு. பதினெட்டுப் பருவங்களில் சூதும் சபதமும் மட்டும் போதும் என்று எடுத்தார். அந்தச் சின்ன இடத்தில் தேசமே வந்து உட்கார்ந்தது.

எனக்கு மிகப் பிடித்தது ஓரத்தில் நிற்கும் பாத்திரத்தைப் பின்தொடர்வது. பெரிய பாத்திரங்களுக்கு மூலநூல்கள் நிறையப் பேச்சுக் கொடுத்துவிட்டன. ஓரத்து ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டுப் பேச்சைக் கொடுக்காமல் விட்டிருக்கின்றன.

ஆக, யாருக்கு எது? கதையே சரியாகத் தெரியாதவர் சுருக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு அதை மூடிவைக்கட்டும். குழந்தைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லப் போகிறவர் நேரே ஊர்க்கதைக்குப் போகலாம். இரண்டு வடிவங்களைக் கேட்டுவிட்டுப் போனால் போதும். மேடைக்கு எழுதுகிறவருக்குக் கூத்தைத் தவிர வேறு பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. சிறுகதையோ நாவலோ எழுதுகிறவர் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்து, அதைத் தமிழ்க் காவியத்தில் உரையோடும், பிறகு முழு மொழிபெயர்ப்பிலும் படிக்கட்டும். இந்த வரிசையில் படிப்பது முக்கியம். நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தமிழ் வடிவம். அதைத் தெளிவாகப் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போனால்தான் அங்கே இல்லாதது கண்ணில் படும்.

சென்ற மாதம் தோழியிடம் என் பழைய அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆதி பர்வத்தை மறந்துவிடு, சூதாட்டச் சபையை மட்டும் எடு, வில்லியில் ஒருமுறை, பிறகு முழு மொழிபெயர்ப்பில் ஒருமுறை படி என்றேன். இரண்டு வாரத்தில் தொலைபேசியில் அழைத்தாள். பாஞ்சாலியைப் பற்றி எழுதவில்லையாம். அவளை அழைத்துவரத் துரியோதனன் முதலில் அனுப்பிய பணியாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "தன்னைத் தோற்ற பிறகு என்னைத் தோற்றாரா, அதற்கு முன்பா என்று கேட்டு வா" என்று பாஞ்சாலி திருப்பி அனுப்ப, சபைக்கும் அந்தப்புரத்துக்கும் நடையாய் நடக்கிறான் அவன். கடைசியில், அவளுடைய கோபத்துக்கு அஞ்சி, மறுபடி போகத் தயங்கிச் சபையைப் பார்த்து நிற்கிறான். பீமனுக்குப் பயப்படுகிறான் என்று ஏசிவிட்டுத் துரியோதனன் தம்பியை அனுப்புகிறான். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் மட்டும் கதையிலிருந்து நழுவிவிடுகிறான்.

பதினொரு பக்கம் எழுதிவிட்டாள். மூலத்தில் பிராதிகாமி என்றுதான் இருக்கிறது, அது அவன் வேலையின் பெயர். அவனுக்கென்று ஒரு பெயர் வைக்கலாமா, அப்படியே விடலாமா என்று கேட்டிருக்கிறாள். இந்த முறை இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.